உள்ளாட்சியில் வேலை கேட்கும் திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் திருநர் (திருநங்கை, திருநம்பி இருவரையும் சேர்த்துச் சொல்லும் சொல்) தோழர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பழக்கம். கேட்கும் முகம் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட தொனியிலேயே விட்டிருக்கிறேன்.

உள்ளாட்சி வேலை என்றால் குப்பை அள்ளுவதுதானே? எங்களுக்கு வேறு என்ன தரப்போகிறார்கள்?

தூய்மைப் பணி அதில் ஒரு பகுதி மட்டுமே. இளநிலை உதவியாளர், வரித் தண்டலர், துப்புரவு ஆய்வாளர், பொறியாளர், ஓட்டுநர், ஊராட்சிச் செயலர், குடிநீர்த் தொட்டி இயக்குபவர், கொசு ஒழிப்புப் பணியாளர் எல்லாமே உள்ளாட்சி வேலைகள்தாம். இவற்றில் சில போட்டித் தேர்வு வழியாக நிரப்பப்படும் நிரந்தரப் பணியிடங்கள். சில தொகுப்பூதியப் பணிகள். சில ஒப்பந்ததாரர் மூலம் வருபவை.

இந்த வேறுபாட்டை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வு வழியாக வரும் வேலையில் மதிப்பெண் பேசும். உள்ளூரில் ஆள் பார்த்து எடுக்கும் வேலையில் கவுன்சிலர், மேற்பார்வையாளர், ஒப்பந்ததாரர் ஆகியோர் பேசுவார்கள். பாகுபாடு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் நடக்கிறது. உங்களை எல்லோருக்கும் தெரிந்த ஊர் என்பதால், மறுப்பவருக்கும் அது எளிதாகிவிடுகிறது.

எங்களுக்கு வேலை மறுக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது?

மூன்று அடுக்குகள் இருக்கின்றன. அரசியலமைப்பின் 14, 15, 16ஆவது உறுப்புகள் சமத்துவத்தையும் அரசு வேலையில் சம வாய்ப்பையும் தருகின்றன. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடர்ந்த வழக்கில், இந்த உறுப்புகள் திருநருக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் வந்தது 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜனவரி 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அச்சட்டத்தின் 9ஆவது பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆள் சேர்ப்பு, பதவி உயர்வு உள்ளிட்ட வேலை தொடர்பான எந்த விஷயத்திலும் எந்த நிறுவனமும் திருநரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. உள்ளாட்சி அமைப்பும் அந்தச் சட்டம் சொல்லும் 'நிறுவனம்'தான். மனுவில் பக்கம் பக்கமாகக் கண்ணீர்க் கதை எழுதுவதைவிட, இந்தப் பிரிவு எண்ணை முதல் பத்தியில் போட்டால் கோப்பு நகரும்.

விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. நான் எதில் குறியிடுவது?

நீங்கள் உங்களை எப்படி அடையாளப்படுத்துகிறீர்களோ அப்படி. கட்டமே இல்லை என்றால், காகித விண்ணப்பத்தில் 'திருநங்கை' அல்லது 'திருநம்பி' என்று எழுதி, ஒரு தனித்தாளில் இரண்டு வரி விளக்கம் இணையுங்கள். இணைய விண்ணப்பம் அப்படி எழுத இடம் தராவிட்டால், திரையைப் படமெடுத்துக்கொண்டு, கடைசித் தேதிக்கு முன்பே தேர்வு நடத்தும் அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முடிந்தபின் அனுப்பும் மின்னஞ்சலை யாரும் மதிப்பதில்லை.

'கட்டம் இல்லை, அதனால் விண்ணப்பம் செல்லாது' என்று சொல்வது இன்று எடுபடாது. திருநங்கையான பிரித்திகா யாஷினியின் காவல் சார் ஆய்வாளர் விண்ணப்பத்தை முதலில் இதே காரணம் சொல்லித்தான் நிராகரித்தார்கள். நீதிமன்ற அனுமதியோடு அவர் தேர்வு எழுதினார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017இல் அவர் பணியில் சேர்ந்தார். காவல் துறையில் செல்லுபடியாகாத சாக்கு நகராட்சியில் எப்படிச் செல்லும்?

மதிப்பெண் பட்டியலில் பழைய பெயர், ஆதாரில் புதிய பெயர். சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் எழுதிக் கொடுக்கும் மனுக்களில் அதிகம் அடிபடும் பிரச்சினை இது. பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்று, ஆதார், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ஆகிய நான்கிலும் நான்கு விதமாகப் பெயர் இருக்கும். வேலைக்கான அறிவிக்கை வந்தபின் திருத்த ஓடினால் நேரம் போதாது. வேலை தேடத் தொடங்கும் முன்பே அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டுவிடுங்கள். மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்றிதழையும், திருநங்கைகள் நல வாரிய அட்டையையும் வாங்கி வையுங்கள்.

சரிபார்ப்பு நாளில் அரசிதழ் நகலை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் இடையே உள்ள பாலம் அந்த ஒரு தாள்தான். அதையும் ஏற்க மறுத்தால், 'இன்ன ஆவணம் இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதிக் கேட்டதும் பல அதிகாரிகளுக்கு அந்த ஆவணம் திடீரென்று போதுமானதாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

'முதலில் அரசு மருத்துவமனையில் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வா' என்கிறார்கள். போகலாமா?

எல்லோருக்கும் நடத்தும் உடல் தகுதிப் பரிசோதனை என்றால் போங்கள். உங்கள் பாலினத்தை உறுதிசெய்ய உங்களுக்கு மட்டும் ஒரு பரிசோதனை என்றால், அப்படிக் கேட்க வேலை தரும் அலுவலகத்துக்கு உரிமை இல்லை. அடையாளச் சான்றிதழ் தருவது ஆட்சியரின் வேலை. நகராட்சி மேலாளரின் வேலை அல்ல.

இதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. கரூர் மாவட்டத்தில் பெண் காவலராகத் தேர்வான ஒருவரை, மருத்துவ அறிக்கை திருநர் என்கிறது என்று காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கினார்கள். பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்தவர் அவர். 2014 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்து அவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்னது. யாரையும் பாலினப் பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்துவது 21ஆவது உறுப்பு தரும் தனிமனித உரிமையில் கை வைப்பதாகும்.

இட ஒதுக்கீடு இருக்கிறதா, இல்லையா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு, திருநரைச் சமூக, கல்வி ரீதியில் பின்தங்கிய வகுப்பினராகக் கருதி இட ஒதுக்கீடு தரச் சொன்னது. 2019 சட்டம் இட ஒதுக்கீடு பற்றி வாயே திறக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2015இல் ஓர் அரசாணை மூலம் திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பார்க்க நல்லதாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு.

பட்டியல் சாதியில் பிறந்த ஒரு திருநங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தன் சாதிக்குரிய ஒதுக்கீட்டில் நின்றால், திருநர் என்பதற்காக அவருக்கு எதுவும் கிடைக்காது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் நின்றால், அந்தப் பெரிய பட்டியலில் உள்ள எல்லோருடனும் போட்டியிட வேண்டும். சாதியால் ஒருமுறை, பாலினத்தால் ஒருமுறை என்று இருமுறை அடிபட்டவருக்கு ஒரே மருந்து, அதுவும் பாதி. அதனால்தான் திருநர் அமைப்புகள் கிடைமட்ட இட ஒதுக்கீடு கேட்கின்றன. அதாவது மகளிருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தருவதைப் போல, ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் ஒரு பங்கு. கர்நாடகம் 2021இல் அரசு வேலைகளில் 1 சதவீதம் அப்படிக் கொடுத்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் நம் 2015 அரசாணையை ரத்து செய்தது. பாலினத்தைச் சாதியைப் போல் ஒரு பட்டியலில் அடைப்பது 2014 தீர்ப்புக்கு முரண் என்பது அதன் சாரம்.

நடைமுறையில், நீங்கள் விண்ணப்பிக்கும் அறிவிக்கையில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதுதான் அந்த வேலைக்குப் பொருந்தும். பெண்ணாக அடையாளப்படுத்திக்கொள்ளும் திருநங்கை மகளிருக்கான 30 சதவீதத்தில் வருகிறாரா என்ற வரியைத் தேடிப் பாருங்கள். திருநர் பற்றி ஒரு வரிகூட இல்லாத அறிவிக்கை என்றால், கடைசித் தேதிக்கு முன் எழுதிக் கேளுங்கள்.

'பார்த்துச் சொல்கிறோம்' என்கிறார்கள். முகத்துக்கு நேராக மறுப்பதில்லை. இதைப் பாகுபாடு என்று எப்படி நிரூபிப்பது?

இந்தப் பக்கத்தை நான் எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான். 'நீ திருநங்கை, அதனால் வேலை இல்லை' என்று எந்த அலுவலகமும் எழுதித் தராது. 'இடம் நிரம்பிவிட்டது', 'கமிஷனர் கூட்டத்தில் இருக்கிறார்', 'அடுத்த மாதம் வா' என்றுதான் சொல்வார்கள். வாய்ச்சொல்லாக நடக்கும் வரை அது நடக்கவே இல்லை. அதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் முதல் வேலை.

விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுங்கள். அலுவலகத்தில் நேராகப் பெரிய மேசைக்குப் போகாமல், தபால் பிரிவுக்குப் போங்கள். ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் அலுவலக முத்திரை, தேதி, கையொப்பம் மூன்றும் வாங்குங்கள். முத்திரை மை மங்கலாக இருந்தால் இன்னொரு முறை போடச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். தர மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சு நடந்த நாளிலேயே, 'இன்று காலை தங்கள் அலுவலகத்தில் இன்ன பதவியில் இருப்பவர் என்னிடம் இவ்வாறு கூறினார்' என்று ஒரு கடிதம் எழுதி அதே வழியில் சேர்த்துவிடுங்கள். மறுநாள் எழுதினால் அதன் எடை குறையும்.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணம். 30 நாளில் பதில் வர வேண்டும். 'எனக்கு ஏன் வேலை தரவில்லை' என்று கேட்டால் ஒன்றும் வராது. காரணம் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். மொத்தப் பணியிடம் எத்தனை, எத்தனை விண்ணப்பம் வந்தது, தேர்வானவர்களின் தகுதிப் பட்டியல், தேர்வுக் குழுக் கூட்டக் குறிப்பின் நகல், என் விண்ணப்பம் இருக்கும் கோப்பின் குறிப்புத் தாள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்ற வேலைக்குப் பட்டம் படித்த நீங்கள் விலக்கப்பட்டதும், தேர்வானவரின் தகுதி உங்களுடையதைவிடக் குறைவு என்பதும் அந்தத் தாள்களில் தெரியும். அதுதான் நிரூபணம்.

புகார் அலுவலர் என்று ஒருவர் இருப்பாராமே? எங்கள் பேரூராட்சியில் அப்படி யாரையும் பார்த்ததில்லை.

பார்த்திருக்க மாட்டீர்கள். 2019 சட்டத்தின் 11ஆவது பிரிவு ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. அச்சட்டத்தின்கீழ் 2020 விதிகள் வந்த 30 நாளுக்குள் நியமித்திருக்க வேண்டும். அவர் புகாரை 15 நாளில் விசாரிக்க வேண்டும். அறிக்கை கிடைத்த 15 நாளில் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கவும் வேண்டும். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வேலையிழந்த ஒரு திருநங்கை ஆசிரியையின் வழக்கில், இந்த விதிகள் ஏட்டிலேயே கிடப்பதைக் கடுமையாகச் சாடி, சம வாய்ப்புக் கொள்கை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

அலுவலர் இல்லை என்பது உங்களுக்கு இழப்பில்லை. ஒரு விதத்தில் அது ஒரு பிடி. புகாரைச் செயல் அலுவலர் அல்லது ஆணையர் பெயருக்கு அனுப்பி, 'புகார் அலுவலரின் பெயரைத் தெரிவிக்கவும்' என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். நகலை ஆட்சியருக்கு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யாத அலுவலகம், அதன்பின் உங்கள் மனுவைக் கொஞ்சம் கவனமாகவே படிக்கும்.

நான் ஒப்பந்ததாரரிடம் வேலை செய்கிறேன். நகராட்சி 'நீ எங்கள் ஆள் இல்லை' என்கிறது, ஒப்பந்ததாரர் 'நகராட்சியைக் கேள்' என்கிறார்.

இருவரும் பொறுப்பு. 2019 சட்டத்தில் 'நிறுவனம்' என்பதில் தனியார் கம்பெனி, முகமை, சங்கம் எல்லாம் அடங்கும். எனவே 9ஆவது பிரிவு ஒப்பந்ததாரரையும் கட்டும். கூலி பாக்கி என்றால், ஒப்பந்ததாரர் தராதபோது முதன்மை வேலையளிப்பவரான நகராட்சி தர வேண்டும். இது எல்லா ஒப்பந்தத் தொழிலாளருக்கும் உள்ள உரிமை. திருநர் என்று தனியாகப் போராட வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கே அத்தாட்சி வேண்டும். வருங்கால வைப்பு நிதி எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, வருகைப் பதிவேட்டின் படம், வங்கியில் கூலி வரவு வந்த பக்கம், எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். கையில் காசாக வாங்குபவர்கள்தாம் கடைசியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. கழிப்பறைக்குத்தான் வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது.

சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் வேலையை விடவைக்கும் காரணங்களில் இது முக்கியமானது. காலை ஆறு மணிக்குப் பணிக்கு வந்து மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். சம வாய்ப்புக் கொள்கையில் கழிப்பறை உள்ளிட்ட வசதிகள், பாதுகாப்பு, பாலின அடையாளத்தின் ரகசியம் ஆகியவை இடம்பெற வேண்டும் என்று 2020 விதிகளே சொல்கின்றன. புதிதாகக் கட்டடம் கட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு தனி அறைக்கு 'அனைவருக்கும்' என்று பலகை மாட்டினால் போதும்.

ஆணாக வேலையில் சேர்ந்தேன். இப்போது மாறப் போகிறேன். வேலை போய்விடுமா?

போகக் கூடாது. பாலினம் மாறுவது பணி விதிகளின்படி குற்றமல்ல. பணிப்பதிவேட்டில் பெயரும் பாலினமும் மாற்றக் கோரி, ஆட்சியரின் சான்றிதழையும் அரசிதழ் நகலையும் இணைத்து மனுக் கொடுங்கள். பணிமூப்பு, ஊதியம், ஓய்வூதியக் கணக்கு எதுவும் முதலிலிருந்து தொடங்காது என்பதை அந்த மனுவிலேயே குறிப்பிட்டுக் கேளுங்கள். வைப்பு நிதிப் பெயரையும் கையோடு திருத்துங்கள். அதை மறந்துவிட்டு ஓய்வுபெறும் வயதில் அலைபவர்கள் உண்டு.

வரி பாக்கி வசூலிக்க எங்களை அனுப்பினால் நன்றாக வசூலாகும் என்கிறார்கள். வேலைதானே, ஏன் தயங்க வேண்டும்?

பாட்னா மாநகராட்சி 2006இல் இதைச் செய்தது. பாக்கி வைத்திருந்த கடைகளின் முன் திருநங்கையரை ஆடிப் பாடவிட்டு, வசூலில் ஒரு சிறு சதவீதத்தைக் கொடுத்தது. வசூலும் வந்தது. உலகம் முழுக்கச் செய்தியும் ஆனது. அந்த வேலையின் அடிப்படை என்ன? 'இவர்கள் வாசலில் நின்றால் மானம் போகும்' என்று கடைக்காரர் நினைப்பதுதான். உங்கள் மீதான இழிவையே மாநகராட்சி கருவியாக வைத்துக்கொண்டது.

பசிக்கும்போது இந்த வாதம் சோறு போடாது, தெரியும். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் முடிவு. ஏற்றால் மூன்று கேள்வி கேளுங்கள். பதவிப் பெயர் வரித் தண்டலரா? கமிஷன் அல்லாமல் மாத ஊதியமா? அடையாள அட்டையும் ரசீதுப் புத்தகமும் உண்டா? மூன்றுக்கும் 'ஆம், மற்றவர்களைப் போலவே' என்றால் அது வேலை. இல்லையென்றால் வேடிக்கை.

நம்மில் ஒருவர் கவுன்சிலர் ஆனால் எல்லாம் மாறிவிடாதா?

சிலது மாறும். ரியா 2020இல் திருச்செங்கோடு ஒன்றியக் கவுன்சிலரானார். கங்கா 2022இல் வேலூர் மாநகராட்சிக் கவுன்சிலரானார். தீர்மானம் கொண்டுவர, ஒப்பந்த நிபந்தனைகளைக் கேள்வி கேட்க மன்றத்தில் ஒரு குரல் இருப்பது பெரிய விஷயம்.

ஆனால் கட்னியை மறக்க வேண்டாம். மத்தியப் பிரதேசத்தின் அந்த ஊரில் கமலா ஜான் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது பெண்களுக்கு ஒதுக்கிய பதவி, இவர் சட்டப்படி ஆண் என்று சொல்லி நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாததாக்கியது. 2014 தீர்ப்புக்கு முந்தைய காலம் அது. சத்தீஸ்கரின் ராய்கரில் 2015இல் மது கின்னர் மேயரானார். நீங்கள் போட்டியிடுவதென்றால், எந்த வார்டு யாருக்கு ஒதுக்கியது, உங்கள் வாக்காளர் அட்டையில் என்ன பாலினம் இருக்கிறது, இரண்டையும் வேட்புமனுவுக்கு முன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலை மறுத்தவர் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சிறைக்குப் போவாரா?

வேலை மறுத்ததற்காக மட்டும் என்றால், இல்லை. இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். 9ஆவது பிரிவு தடை செய்கிறது, ஆனால் மீறினால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. 18ஆவது பிரிவின் சிறைத் தண்டனை, உடல், பாலியல், வாய்மொழி, மன, பொருளாதார வன்முறைக்கும், பொது இடத்தில் நுழையவிடாமல் தடுப்பதற்கும் பொருந்தும். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. அலுவலகத்தில் அசிங்கமாகத் திட்டினார், கை வைத்தார், உள்ளே விடவில்லை என்றால் காவல் நிலையம் போங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

நான் ஒரு நகராட்சி அதிகாரி. திருநரை வேலைக்கு எடுக்க எனக்குத் தயக்கமில்லை. மற்ற ஊழியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களே?

இந்தக் கேள்வியும் அடிக்கடி வருகிறது. ஊழியர்கள் ஒத்துக்கொள்வதற்காக எந்த ஆணையும் காத்திருப்பதில்லை, இதற்கு மட்டும் ஏன்? முதல் வாரம் முணுமுணுப்பார்கள். அடுத்த மாதம் தீபாவளி முன்பணத்துக்கு ஒன்றாக வரிசையில் நிற்பார்கள்.

நீங்கள் உண்மையில் யோசிக்க வேண்டியது வேறு. 2017இல் கொச்சி மெட்ரோ திருநரை வேலைக்கு எடுத்தது. பாராட்டு குவிந்தது. சேர்ந்த சில நாட்களிலேயே சிலர் விலகிவிட்டார்கள். வாடகைக்கு வீடு தர யாரும் முன்வரவில்லை, விடுதி வாடகைக்குச் சம்பளம் போதவில்லை. ஆணை கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்தால் உங்கள் ஊரிலும் அதுவே நடக்கும். தங்க இடம் இருக்கிறதா என்று சேரும் நாளிலேயே கேளுங்கள். நகராட்சிக்குக் குடியிருப்பு இருந்தால் அதில் ஒன்றைக் கொடுங்கள்.

வழக்குப் போட்டால் முடிவதற்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். என்ன பயன்?

நியாயமான பயம். அதனால்தான் இறுதித் தீர்ப்பை மட்டும் நம்பி வழக்குப் போடக் கூடாது. அரசியலமைப்பின் 226ஆவது உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடும்போதே இடைக்கால உத்தரவும் கேளுங்கள். வழக்கின் முடிவுக்கு உட்பட்டு உங்களைத் தேர்வில் அனுமதிக்க வேண்டும், அல்லது ஒரு பணியிடத்தைக் காலியாக வைக்க வேண்டும் என்று. மேலே சொன்ன சார் ஆய்வாளர் வழக்கில் தேர்வு அறைக்குள் போக வழி செய்ததும் இடைக்கால அனுமதிதான்.

செலவுக்கு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு வழக்கறிஞரை இலவசமாகத் தருவார்கள். போகும்போது முத்திரை வாங்கிய பிரதி, ஸ்பீட் போஸ்ட் ரசீது, தகவல் உரிமைப் பதில், அறிவிக்கையின் நகல் நான்கையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். முடிவு பட்டியல் வெளியாகிப் பணி ஆணை மற்றவர் கைக்குப் போகும் முன் போவது முக்கியம். அதன்பின் போனால், வேலையில் சேர்ந்துவிட்ட அந்த நபரையும் வழக்கில் சேர்க்க வேண்டிவரும்.